தாத்தாவின் ஏர் கன்னை வீட்டிலேயே பிரித்துச் சேர்க்கலாமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா காலத்து ஏர் கன் ஒன்று பரணில் கிடைத்ததாம். குழலை மடக்கி ரவை போடும் வகை, 0.177 அங்குல அளவு, அதாவது 4.5 மில்லிமீட்டர். ஸ்பிரிங் இழுக்கிறது, ஆனால் சுட்டால் ரவை பத்தடி தள்ளிப் பொத்தென்று விழுகிறது. வீட்டிலேயே பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றிச் சேர்க்க முடியுமா, ஸ்பிரிங்கை இன்னும் பலமானதாகப் போட்டுவிடலாமா என்பது கேள்வி. கூடவே, அதே பரணில் தோளில் வைக்கும் மரக்கட்டை இல்லாமல் துருப்பிடித்துக் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கிக் குழல் ஒன்றையும் சரி செய்ய ஆசைப்படுகிறார்.

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. அந்தக் குழலைத் தொடாதீர்கள். இரண்டும் ஒரே பரணில் கிடந்தாலும் ஒரே ஜாதிப் பொருள் அல்ல. ஏர் கன் காற்றில் வேலை செய்வது. நாட்டுத் துப்பாக்கி வெடிமருந்தில் வேலை செய்வது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைச் செய்யக் கூடாது, விற்கக் கூடாது என்பதோடு பழுதுபார்க்கவும் கூடாது என்கிறது. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரைகூடப் போகலாம். "உடைந்துபோன பழைய இரும்புதானே" என்று பலர் நினைக்கிறார்கள். 45ஆம் பிரிவில் பழைய, கெட்டுப்போன ஆயுதங்களுக்கு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாதது என்றால்தான் அந்த விலக்கு. சரி செய்தால் சுடும் என்ற நிலையில் இருப்பது விலக்குக்குள் வராது. சரி செய்ய முடியும் என்று நீங்கள் நினைத்தால் அந்த விலக்கை நம்ப முடியாது.

சட்டத்தை விட்டாலும் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளைக் கெட்டித்தபடியே பரணில் போட்டுவிட்டு மறந்துபோவது பழைய வீடுகளில் நடந்ததுதான். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் பற்றிக்கொள்ளும். துருவை எடுக்கிறேன் என்று அடுப்பில் காட்டுவது, கம்பியை விட்டுக் குத்துவது, வெல்டு வைக்கக் கொண்டுபோவது எதுவும் வேண்டாம். தாத்தாவின் பெட்டியில் உரிமப் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வக்கீலிடம் சொல்லி, எழுத்தில் ஒரு மனுவோடு காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். குழலைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒப்படைத்ததும் ரசீது வாங்குங்கள். உரிமம் இருந்த ஆயுதம் என்றால் வாரிசாக நீங்கள் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அதையும் வக்கீலிடமே கேளுங்கள்.

சரி, இனி ஏர் கன்.

மயிலாடுதுறையில் அப்பாவுக்கு சைக்கிள் கடை. ஐப்பசி மாதம் முழுக்கத் துலா ஸ்நானம், கடைசி நாள் கடைமுழுக்கு. அந்தக் கூட்டத்தை நம்பிப் பலூன் சுடும் கடைக்காரர்கள் வருவார்கள். கடைமுழுக்கு முடிந்தால் நாகூர் கந்தூரி, அப்புறம் வேறு ஊர்த் தேர் என்று அவர்கள் பாட்டுக்குப் போவார்கள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை மடக்கிச் சுடப்படும் துப்பாக்கிகள் அவை. வாஷர் போனால் எங்கள் கடைக்குத்தான் வரும். சைக்கிள் பம்புக்கு வாஷர் மாற்றத் தெரிந்தவனுக்கு இதுவும் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த நினைப்பு சரியானதுதான். இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான், முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

உள்ளே இருப்பது ஒரு பம்புதான். குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங்கை அமுக்கி, ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. விசையை இழுத்ததும் கொக்கி விலகுகிறது. ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. சிலிண்டரில் இருக்கும் காற்று நசுங்கிச் சின்னத் துளை வழியாக ரவையின் பின்புறம் போய் அதை உதைக்கிறது. காற்று பிஸ்டனைத் தாண்டிப் பின்னால் கசியாமல் தடுப்பது பிஸ்டன் தலையில் இருக்கும் வாஷர். குழலும் சிலிண்டரும் சேரும் இடத்தில் கசியாமல் தடுப்பது இன்னொரு சின்ன வளையம். இழுக்கும்போது ஸ்பிரிங் விறைப்பாகத்தான் இருக்கிறது, ரவை மட்டும் பத்தடியில் விழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பலம் ஸ்பிரிங்கில் இருக்கிறது, காற்றுதான் எங்கேயோ ஓடிப்போகிறது. பலமான ஸ்பிரிங் போட்டால் கசிவுதான் வேகமாகும்.

வீட்டு அடிபம்பை நினைத்துப் பாருங்கள். கோடையில் பத்து நாள் அடிக்காமல் விட்டால் தண்ணீர் ஏறாது. ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றி அடிப்போம். காய்ந்து சுருங்கிய தோல் வாஷர் ஊறி விரிந்து சுவரோடு ஒட்டியதும் தண்ணீர் வந்துவிடும். பழைய ஏர் கன்களில் இருப்பதும் அதே கிண்ண வடிவத் தோல்தான். இருபது முப்பது வருஷம் பரணில் ஓட்டுச்சூட்டில் கிடந்தால் அது காய்ந்து அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். அதனால் பிரிப்பதற்கு முன்னால் அடிபம்பு வைத்தியத்தைச் செய்துபாருங்கள்.

துப்பாக்கியில் ரவை இல்லை, ஸ்பிரிங் இழுத்து வைக்கப்படவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டையைத் தரையில் ஊன்றி, குழலைப் பூட்டு விடும் அளவுக்கு மட்டும் மடக்குங்கள். சிலிண்டரின் முகப்பில் சின்னத் துளை தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாக நார் நாராக இருந்தால் தோல், பளபளவென்று ஒரே நிறமாக இருந்தால் பிளாஸ்டிக். தோலாக இருந்தால் அந்தத் துளையில் சிலிக்கான் எண்ணெய் நாலைந்து துளி விடுங்கள். அது கிடைக்காவிட்டால் தையல் மிஷின் எண்ணெய் மூன்று துளி, அதற்கு மேல் வேண்டாம். சிலிண்டரின் துளைப் பக்கம் மேலே பார்த்தபடி ஒரு ராத்திரி சாய்த்து வைத்துவிடுங்கள். எண்ணெய் தானாக இறங்கித் தோலில் ஊறும்.

மறுநாள் வெளியில், தோட்டத்தில் வைத்து, ரவை போட்டுச் சுடுங்கள். முதல் சில தடவை புகை வரும், வெடி மாதிரி சத்தமும் வரலாம். காற்று அவ்வளவு வேகமாக நசுங்கும்போது உள்ளே சூடு பல நூறு டிகிரிக்குப் போகிறது. அதில் எண்ணெய் ஆவி டீசல் இன்ஜினில் போலப் பற்றிக்கொள்கிறது. சத்தம் நாலைந்து தடவைக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் எண்ணெய் அதிகம். "நல்லா அடிக்குது" என்று சந்தோஷப்பட்டு மேலும் எண்ணெய் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஸ்பிரிங்கை முறிக்கும், வாஷரைக் கருக்கும். என்னிடம் வந்த பழைய துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு ராத்திரி ஊறலிலேயே உயிர் பெற்றுப் போயிருக்கின்றன.

அதற்கும் சரியாகாவிட்டால் முன் வளையத்தைப் பாருங்கள். ஒரு சின்ன டிஷ்யூ பேப்பர்த் துண்டை, குழலும் சிலிண்டரும் சேரும் இடத்தின் மேல் வைத்து, ரவை போட்டுச் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் கசிவு அங்கேதான். பழைய வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு, அதே அளவு ரப்பர் வளையமோ தோலோ வைக்கலாம். வளையம் நன்றாகத்தான் இருக்கிறது, குழிக்குள் அமுங்கிவிட்டது, அவ்வளவுதான் என்றால் அடியில் மெல்லிய அட்டையை வளையமாக வெட்டிக் கொடுத்தாலே போதும்.

இரண்டும் பலிக்காவிட்டால்தான் பிரிக்க வேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங், துப்பாக்கி இழுக்கப்படாத நிலையிலும் சில அங்குலம் அமுங்கித்தான் இருக்கிறது. பின் மூடியைக் கழற்றினால் அது சும்மா இருக்காது. பதினேழு வயதில், அப்பா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மூடியை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதை நிறுத்தி வைத்திருக்கும் குறுக்கு ஊசியைத் தட்டினேன். மூடி என் கன்னத்தை உரசிக்கொண்டு கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு போனது. இரண்டு அங்குலம் தள்ளியிருந்தால் இடது கண் போயிருக்கும். தச்சர்கள் பலகை ஒட்டுவதற்கு வைத்திருக்கும் நீளமான கிளாம்ப் ஒன்றை இரவல் வாங்குங்கள். துப்பாக்கியை அதில் நீளவாக்கில் மாட்டி, மூடியை லேசாக அமுக்கி, பிறகுதான் குறுக்கு ஊசியைத் தட்டி எடுக்க வேண்டும், அல்லது மரையைத் திருக வேண்டும். அப்புறம் கிளாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் ஸ்பிரிங் தானாக நீண்டு அடங்கும். கிளாம்ப் இல்லாவிட்டால் பிரிக்காதீர்கள்.

கழற்றும் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு தாம்பாளத்தில் கழற்றிய வரிசையிலேயே வையுங்கள். விசைப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் பலம் வேறு. அவற்றை மாற்றிப் போட்டுவிட்டு வந்த துப்பாக்கிகள் பல.

உள்ளே பழைய எண்ணெய் பிசின் மாதிரி கறுத்துக் கிடக்கும். மண்ணெண்ணெயில் கழுவலாம். ஆனால் சொட்டு மீதியில்லாமல் துடைத்து ஒரு நாள் காயவிட வேண்டும். மேலே சொன்ன வெடி மண்ணெண்ணெய் ஆவியில் இன்னும் மோசம். நம் பக்கத்து வீடுகளில் துரு பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பார்கள். அதுதான் இந்தப் பிசினுக்குப் பெரிய காரணம். மார்கழியில் உறைந்துபோகும், நாளாக நாளாகக் காறிப் பிசுபிசுத்துப்போகும். சைக்கிளுக்கும் வேண்டாம், இதற்கும் வேண்டாம்.

இப்போது தோல். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கடையில் தயாராகக் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள், பழைய மாடல்களுக்கு அது கிடைப்பது கஷ்டம். செய்துகொள்ளலாம். செருப்பு தைப்பவரிடம் போய், ஆவாரம்பட்டை மாதிரி பட்டையில் பதனிட்ட தோல் 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு கேளுங்கள். கைப்பைக்கும் ஷூவுக்கும் வரும் மெத்தென்ற குரோம் தோல் உதவாது. அது அச்சில் அமுக்கினாலும் வடிவம் நிற்காமல் திரும்ப விரிந்துவிடும். பட்டைத் தோல் நனைந்தபோது வளைத்த வடிவத்தைக் காய்ந்த பிறகும் விடாது.

பூவரசம் பலகையில் சிலிண்டரின் உள்விட்டத்துக்குச் சமமாக ஒரு துளை போடுங்கள். அதற்குள் நுழையும் கட்டை ஒன்றைக் கடைந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் தோலின் கனத்துக்கு இடம் விட்டு, அந்த அளவு மெலிந்ததாக இருக்க வேண்டும். தோலை வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, துளையின் மேல் வைத்துக் கட்டையால் அமுக்கினால் கிண்ணம் வந்துவிடும். அப்படியே நிழலில் இரண்டு நாள் காயட்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். காய்ந்ததும் விளிம்பைக் கூரான கத்தியால் சமமாக நறுக்கி, நடுவில் திருகாணிக்குத் துளை போட்டு, எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் நன்றாகத் துடைத்து எடுங்கள்.

கிண்ணத்தின் வாய் முன்னால், அதாவது காற்று நசுங்கும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தம் ஏற ஏற விளிம்பு விரிந்து சுவரைக் கவ்வும். திருப்பி மாட்டினால் அழுத்தம் ஏற ஏறக் கசியும். திருகாணியின் தலை தோலின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது, சிலிண்டர் முகத்தில் மோதும். புதுத் தோலோடு பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விடும்போது சிலிண்டரில் மடக்குக் கை (குழலை மடக்கும்போது பிஸ்டனைப் பின்னால் தள்ளும் கம்பி) ஓடும் நீளப் பிளவின் விளிம்பு பிளேடு மாதிரி தோலைச் சீவிவிடும். முதலில் அந்த விளிம்பை மெல்லிய எமரித் தாளால் மழுக்குங்கள். பழைய எக்ஸ்ரே பிலிம் துண்டை உள்ளே சுருட்டி வைத்து அதன் மேல் வழுக்கிவிட்டால் கீறாமல் போகும். கட்டை விரலால் தள்ளினால் நகர வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் தன் எடையில் விழக் கூடாது. அந்தப் பொருத்தம் கிடைத்தால் பெரிய வேலை முடிந்தது.

ஸ்பிரிங்கை வெளியே எடுத்ததும் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். நேராக உருண்டு, முனைகளில் முறிவு இல்லாவிட்டால் அதையே போடலாம். வளைந்திருந்தால் அதே அளவில் புதிது வாங்குங்கள். இழுத்து நீட்டுவது, பின்னால் வாஷர்களை அடுக்கி இறுக்குவது இரண்டும் வேண்டாம். ஸ்பிரிங்குக்கும் பிஸ்டன் உடலுக்கும் மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த கிரீஸ்) மெல்லிய பூச்சு. அது வண்டி உதிரிபாகக் கடையில் கிடைக்கும். சிலிக்கான் எண்ணெயை ஸ்பிரிங்குக்குப் போடாதீர்கள், இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் அது தாங்காது.

பலமான ஸ்பிரிங் ஆசையை ஏன் விடச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அரை கிராம் ரவை வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் அதன் சக்தி 10 ஜூல். உங்கள் துப்பாக்கி நல்ல நிலையில் இருந்தபோது ஏறக்குறைய அந்த வட்டாரத்தில்தான் இருந்திருக்கும். குழல் 0.177 அளவைத் தாண்டினாலோ, சக்தி 20 ஜூலைத் தாண்டினாலோ ஏர் கன்னுக்கும் உரிமம் வேண்டும். அது ஒரு பக்கம். மறுபக்கம், கொக்கியும் மடக்குக் கையும் பழைய ஸ்பிரிங்கின் பலத்துக்குச் செய்தவை. அதிக பலம் போட்டால் கொக்கிதான் முதலில் போகும். குறி தப்பாமல் விழுவதற்குப் பலம் தேவையில்லை. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கும் இதே 4.5 மில்லிமீட்டர் ரவைதான், பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர்தான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அந்தப் போட்டியில். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதேதான்.

கொக்கியைப் பற்றிச் சொன்னேன். விசையை இழுக்காமலே துப்பாக்கி தானாக விடுபடுகிறது, அல்லது தொட்டாலே போய்விடுகிறது என்றால் கொக்கி தேய்ந்திருக்கிறது. அதை அரத்தால் ராவிக் கூர்மையாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த இரும்பில் மேற்பரப்பு மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டது. ராவினால் அடியில் இருக்கும் மெத்தென்ற இரும்பு வெளியே வரும், இரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டு அப்புறம் வழுக்கும். குழல் மடங்கி, நீங்கள் ரவை வைக்கும்போது வழுக்கினால் குழல் பாய்ந்து மூடும், விரல் நடுவில் இருந்தால் போய்விடும். பாகத்தை மாற்ற வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டி வைக்க வேண்டியதுதான். கொக்கி நன்றாக இருந்தாலும், ரவை வைக்கும்போது மறு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பலூன் கடைக்காரர்கள் பேச்சுவாக்கில்கூட அந்தப் பிடியை விடமாட்டார்கள்.

சேர்த்து முடித்ததும் ரவை போடாமல் சும்மா சுட்டுப் பார்க்காதீர்கள். எதிரே காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகச் சுவரில் மோதும், புதுத் தோல் கிழியும். ஒரு மரப்பெட்டியில் வயல் களிமண்ணைப் பிசைந்து நிரப்பி அதில் சுடுங்கள். ஈயம் அதில் புதைந்துகொள்ளும். வெறும் பலகையில் சுட்டால் ரவை திரும்பி வரும், கண்ணுக்குத்தான் வரும். ஒரு சாதாரண மூக்குக்கண்ணாடியாவது போட்டுக்கொள்ளுங்கள். ரவையை வாயில் ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் பையன்களிடம் இருக்கிறது. அது ஈயம், விஷம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

குறி மேலே மேலே போகிறது என்றால் குழல் வளைந்திருக்கலாம். யாரோ குழல் மடங்கியிருக்கும்போது விசையை இழுத்திருப்பார்கள். அப்படியில்லாமல் அங்கும் இங்கும் சிதறினால் முதலில் கட்டையின் திருகாணிகளை இறுக்குங்கள். பத்துக்கு ஏழு தடவை காரணம் அதுதான்.

கொக்கு, மடையான் என்று எதையும் குறிவைக்காதீர்கள். தாத்தா காலத்தில் வயலுக்குள் நின்று சுட்டிருப்பார்கள். இப்போது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அதை விடுங்கள், உங்கள் ஊரிலிருந்து வடுவூர் ஏரி எவ்வளவு தூரம்? குளிர்காலத்தில் அங்கே போய் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்தப் பறவைகளைச் சுட மனம் வராது.

வைத்துக்கொள்வது பற்றி. துணி உறையிலோ தோல் உறையிலோ போட்டு மூடாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்று என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு தடவை எண்ணெய் நனைத்த துணியால் வெளிப்பக்கம் துடையுங்கள், விரல் பட்ட இடமெல்லாம் வியர்வை உப்பு இருக்கும். ஸ்பிரிங்கை இழுத்த நிலையில் ஒருபோதும் வைக்காதீர்கள். தை பிறந்ததும் அந்தச் சின்னத் துளையில் இரண்டு துளி சிலிக்கான் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி நிமிர்த்தி வையுங்கள். தோல் இன்னும் பத்து வருஷம் வரும்.